கட்டாயமில்லாத எட்டு வாரங்கள்

நான் வீட்டில் சொன்ன பொய் இதுதான்: தைவானுக்குப் போய் எட்டு வாரம் ஆராய்ச்சி செய்தால்தான் டிகிரி தருவார்கள்.

அப்படி எந்த விதியும் இல்லை. எங்கள் கல்லூரிக்கும் அங்கிருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. இளநிலை மாணவர்களில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, கோடை விடுமுறையில் அனுப்புவார்கள். டிக்கெட்டும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. அங்கே போய் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. ஒரு பேராசிரியரின் ஆய்வகத்தில் நமக்கென்று ஒரு கேள்வி கொடுப்பார்கள். எட்டு வாரம் கழித்து அதற்கு ஓர் அறிக்கை எழுதித் தர வேண்டும். விருப்பம் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றுதான் அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது. விருப்பம் என்ற சொல்லை என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் டிப்ளமோ முடித்து, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் இரண்டு வருடம் தரப் பரிசோதனையில் நின்றவள். பிறகு மண்ணூரில் கல்யாணம், மகள். அவளுக்கு எட்டு மாதம் ஆனபோது நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேர்ந்தேன். வீட்டில் நாங்கள் நான்கு பேர். கணவர் அசெம்பிளி லைனில் வேலை செய்கிறார். மாமியாருக்கு வேறொரு கம்பெனியின் கேன்டீனில் வேலை. நான் கல்லூரியில் இருக்கும் நேரம் இவர்கள் இருவரின் ஷிஃப்டுகளுக்கு நடுவே மகள் வளர்ந்தாள்.

இந்தத் தொழிற்பேட்டைப் பக்கத்து வீடுகளில் கம்பல்சரி என்ற சொல்லை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கம்பல்சரி என்றால் காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் ஆண் இல்லாமலே நடக்கும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாவம், கம்பல்சரியாம் என்று அவருக்குப் பந்தியில் ஒரு பொட்டலம் கட்டி அனுப்புவார்கள். அதனால் நானும் அதையே சொன்னேன்.

தேர்வுக்கான நேர்காணலில் பையன்களிடம் என்ன படித்திருக்கிறாய், எந்த இயந்திரம் தெரியும் என்று கேட்டார்கள். என்னிடம் முதல் கேள்வி, "குழந்தையை யார் பார்த்துக்குவாங்க?"

"வீட்டுக்காரரும் மாமியாரும்" என்றேன். அப்போது அவர்கள் இருவருக்கும் விஷயமே தெரியாது.

தேர்வான அன்று மாலை கணவரிடமும் மாமியாரிடமும் சொன்னேன். மாமியார் டீயை ஆற்றியபடியே கேட்டுவிட்டு, "கம்பல்சரின்னா இன்னா பண்றது, போய்த்தான் ஆவணும்" என்றார். அவ்வளவுதான். மறுநாளே கேன்டீன் சூப்பர்வைசரிடம் பேசி, அந்த எட்டு வாரத்துக்கு மட்டும் மாலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தார். காலையில் அவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, மதியத்துக்கு மேல் கணவர் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. இவ்வளவு எளிதாக முடிந்ததில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் வரவில்லை. சொல்லிவிடலாமா, சொன்னால் எல்லாம் கெட்டுவிடுமா என்று பத்து நாள் இதே யோசனை.

அதற்குள் கல்லூரியிலிருந்து போன் வந்தது. விண்ணப்பத்தில் பாதுகாவலர் என்று போட்டிருந்த கணவரின் எண்ணுக்கு, ஒருங்கிணைப்பாளர் மேடம் அழைத்திருக்கிறார். கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்தார். மாமியார் எடுத்தார். நான் சமையலறையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் வந்து நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க காலேஜ் மேடம் பேசிச்சி. கைக்கொயந்த கீதே, கஷ்டம்னா போவ வேணாமாம். கம்பல்சரி இல்லியாம். வேற புள்ளைக்குக் குடுத்துடுவாங்களாம்."

நான் இன்னொரு வாழைக்காயை எடுத்தேன்.

"நீ என்கிட்ட இன்னா சொன்ன?"

"கம்பல்சரின்னு சொன்னேன்."

"நான் போயி அந்த சூப்பர்வைசர்கிட்ட பல்ல இளிச்சிகினு நின்னு ஷிஃப்ட் மாத்திகினு வந்தேன். எம் மருமவளுக்கு கவர்மென்ட்டு ஆர்டர் வந்துகீதுன்னு வேற சொல்லி வெச்சிருக்கேன். இப்ப எந்த மூஞ்ச வெச்சிகினு போறது?"

"பொய் சொன்னது தப்பு அத்தை, மன்னிச்சிடுங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எப்போதும் அதோடு நிறுத்துகிறவள்தான். "ஆனா நான் போறேன். யாரும் என்னை அனுப்பல. எனக்குப் போகணும்னு இருக்கு."

"இன்னாத்துக்கு?"

"ரெண்டு வருஷம் லைன் கடைசில நின்னு, இது ஓகே, இது ரிஜெக்ட்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டினேன். அந்தப் பீஸ் ஏன் ரிஜெக்ட் ஆச்சுன்னு ஒரு நாள்கூட யாரும் என்னைப் பாக்க விடல. அங்க போனா அதை வெட்டி உள்ள பாக்கலாம். அதுக்குத்தான்."

"ஒரு இரும்ப வெட்டிப் பாக்க, பால் குடிக்கிற கொயந்தய வுட்டுட்டுப் போவியா? ஊர்ல இன்னா பேசுவாங்க?"

கையில் கத்தி இருந்தது. அதைப் பலகையில் வைத்துவிட்டுப் பேசினேன். "அவர் கொரியா ட்ரெய்னிங் போனப்போ பாப்பாவுக்கு அம்பது நாள். எனக்குத் தையல் போட்ட இடம்கூட வலி நிக்கல. மூணு மாசம். ஊர்ல என்ன பேசினாங்க? மாலை போட்டு போட்டோதான் எடுத்தாங்க."

"அது வேற. கம்பெனி அனுப்பிச்சிது. மாட்டேன்னா வேலைய வுட்டுத் தூக்கிடுவான்."

"இல்லம்மா."

கணவர் தலையைத் துவட்டிக்கொண்டே வாசற்படியில் நின்றிருந்தார். துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே பேசினார். "தூக்க மாட்டாங்க. போறவங்க பேர் குடுங்கன்னு கேட்டாங்க. நான்தான் குடுத்தேன். ஏரோப்ளேன்ல போவணும்னு ஆசையா இருந்திச்சி."

எனக்கு இது தெரியாது. அந்த மூன்று மாதமும் நான் அவருக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறேன். பிறந்த குழந்தையைப் பார்க்க விடாமல் அனுப்பிவிட்டார்களே என்று என் அம்மாவிடம் அழுதிருக்கிறேன். குழந்தையின் காதில், அப்பா பாவம் என்று சொல்லியிருக்கிறேன்.

"பாவம் பாவம்னு அழுதேனே" என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் கத்தியது அதுதான் முதல்முறை.

"சொல்லியிருந்தா வுட்டிருப்பியா நீ?" என்றார் அவர்.

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா ஜோடி சேர்ந்தீங்கடா ரெண்டு பேரும். என்ன வெச்சி கேனச்சி ஆக்கினு கீறீங்க. இருங்க, நாளைக்கி நானும் திருப்பதி கம்பல்சரின்னு சொல்லிட்டு பஸ் ஏறுறேன். எவ சமைக்கிறான்னு பாக்குறேன்." வாழைக்காயை என் முன்னாலிருந்து இழுத்து அவரே நறுக்க ஆரம்பித்தார்.

 அடுத்த நான்கு நாளில் மேடத்துக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட இரண்டு முறை எண்ணை எடுத்தேன். மாமியார் சொன்னதில் என்ன தப்பு? அவருடைய வேலை, அவருடைய மானம், நடுவில் குழந்தை. என் ஆசை ஒன்றுக்காக இத்தனை பேரை அலைக்கழிக்க வேண்டுமா? ஆனால் கணவர் பேர் கொடுத்தபோது இப்படி எத்தனை நாள் யோசித்திருப்பார் என்று நினைத்ததும் போனை வைத்துவிட்டேன். அவர் யோசித்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது.

ஐந்தாம் நாள் காலை, மாமியார் கிண்ணத்தில் எதையோ கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அரைத்த வேப்பிலை.

"இப்பவே நிறுத்து. போற அன்னிக்கி நிறுத்துனா பால் கட்டிகினு ஏரோப்ளேன்ல ஜொரத்தோட கெடப்ப."

போகலாம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குளியலறையில் மார்பில் அதைத் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மகள் வாய் வைத்தாள், முகம் கோணினாள், துப்பினாள். பிறகு சின்னக் கையால் என் மார்பில் ஓங்கி ஓர் அடி. மாமியாரிடம் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள். அன்று நான் அழுதது தனிக் கதை. ஆனால் மறுநாளும் தடவிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா, "ஒண்ணர வயசு கொயந்தய வுட்டுட்டுப் போற, மனசு கல்லுதான் உனக்கு" என்றார்.

"ஆமாக்கா, கல்லுதான்" என்றேன். 

தைவானில் எனக்குக் கொடுத்த கேள்வி சிறியது. ஒரு வகை எஃகை வெல்டிங் செய்வதற்கு முன்னால் சூடாக்கினால், ஒட்டிய இடத்தின் கடினத்தன்மையில் மாற்றம் இருக்கிறதா? துண்டுகளை வெட்டி, உப்புத்தாளில் கரடுமுரடில் தொடங்கி நைசு வரை தேய்த்து, கண்ணாடி போல மெருகேற்ற வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் துண்டைக் கால்வட்டம் திருப்பித் தேய்க்க வேண்டும். பழைய கீறல் முழுக்க மறைந்த பிறகுதான் அடுத்த தாள். முதல் துண்டுக்கு எனக்கு ஒரு முழுப்பகல் ஆனது. மணிக்கு எத்தனை பீஸ் என்று யாரும் பின்னால் வந்து நிற்கவில்லை. அமிலத்தில் லேசாக அரித்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, இரும்புக்குள் வயல் வரப்புகள் போலக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. நான் ஸ்டிக்கர் ஒட்டிய ஆயிரக்கணக்கான துண்டுகளுக்குள்ளும் இது இருந்திருக்கிறது. எனக்கு யாரும் காட்டவில்லை. சந்தோஷத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

மாலை ஐந்தரைக்கு வீடியோ கால். ஊரில் அப்போது மூன்று மணி. மண்ணூர் பஸ் நிறுத்தத்தில் கணவர் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவார். மாமியார் இடுப்பிலிருந்து குழந்தையை இறக்கி அவரிடம் கொடுத்துவிட்டுத் தன் கேன்டீன் வேனில் ஏறுவார். "சோறு துன்னுட்டா, தண்ணி குடுடா" என்று வேனுக்குள்ளிருந்து குரல் மட்டும் கேட்கும். மகள் திரையில் என்னைப் பார்ப்பாள். சிவப்புப் பொத்தானை அழுத்தி அழைப்பைத் துண்டித்துவிடுவாள். தெரியாமல் செய்கிறாளா, தெரிந்து செய்கிறாளா என்று இரவெல்லாம் யோசிப்பேன். காலையில் ஆய்வகத்துக்குப் போய்விடுவேன்.

ஏழாவது வாரம் அளவுகளையெல்லாம் வரிசைப்படுத்தினேன். வைர முனையால் அழுத்தி எடுத்த கடினத்தன்மை அளவுகள். சூடாக்கியதிலும் சூடாக்காததிலும் எண்கள் ஏறத்தாழ ஒன்றே. ஒதுங்கி நின்ற மூன்று அளவுகளை மட்டும் விட்டுவிட்டால், வித்தியாசம் இருப்பது போலக் காட்டலாம். குழந்தை கையால் அடி வாங்கி, மாமியாரைக் கெஞ்ச வைத்து இவ்வளவு தூரம் வந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுதுவதா? அந்த மூன்றையும் ஒருநாள் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மறுநாள் திரும்பச் சேர்த்தேன். பேராசிரியர் என்ன கிடைத்தது என்று கேட்டார். வித்தியாசம் இல்லை என்றேன். சரி, அதை எழுது என்றார். எழுதினேன்.

ஊர் திரும்பியபோது மகள் என்னிடம் வரவில்லை. மாமியாரின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதைத்தான் பார்த்தார்கள். பார்த்தியா, அம்மாவையே மறந்துடிச்சி என்று என் காதுபடச் சொன்னார்கள். எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பொய். அதற்காக வருத்தம் தெரிவிக்கும் முகத்தை மட்டும் நான் வைத்துக்கொள்ளவில்லை. எடுத்து வந்த அறிக்கையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கணவரின் கொரியா போட்டோ மாட்டியிருந்த ஆணிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன்.

மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். மகள் மாமியார் மடியில் இருந்தாள். அவளுக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டு மாமியார் கேட்டார். "சரி, எட்டு வாரம் போய் இன்னாதான் கண்டுபுடிச்ச?"

"முன்னாடியே சூடு பண்ணினாலும் பண்ணலன்னாலும் ஒண்ணும் வித்தியாசம் இல்லன்னு."

"இன்னாது?"

"வித்தியாசம் இல்ல அத்தை. ரெண்டும் ஒண்ணுதான்."

கணவருக்குப் புரையேறியது. மாமியார் கை அந்தரத்தில் நின்றது. "ஒண்ணும் இல்லன்னு கண்டுபுடிக்கவா அம்மாந் தூரம் போன?"

"ஆமா. அதுக்குத்தான் போனேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டு வரும் என்று காத்திருந்தேன். "இதுல கொஞ்சங்கூட வெக்கம் இல்ல பாரு இதுக்கு" என்று மகளிடம் சொன்னார்.

"இல்ல அத்தை" என்று சொல்லிவிட்டு, சோற்றுப் பாத்திரத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.