பெண்கள் வாசல்

பழைய தியேட்டரை இடிக்கிறார்கள். நனைந்த சுண்ணாம்பு வாசனை தெருமுனைவரை வந்தது. முகப்புத் தூண்கள் விழுந்துவிட்டன. சந்துப் பக்கம் பெண்கள் வாசலின் வளைவு மட்டும் நிற்கிறது.

உள்ளே நடுவில் இடுப்புயரச் சுவர் இருக்கும்; பெண்கள் ஒருபுறம், ஆண்கள் மறுபுறம். பத்து வயதில் முதன்முறையாக அம்மாவை விட்டு ஆண்கள் பக்கம் உட்கார்ந்தேன். படம் விட்டதும் அந்த வளைவின் கீழே அவள் எனக்காக நின்றிருந்தாள். பட்டு நூலுக்குச் சாயம் போடுபவள், முழங்கைவரை சிவப்பு.

"யாருடா அது, கையெல்லாம் செவப்பா, உன்னையே பாத்துக்கினு இருக்குது?" என்றான் கூட்டாளி.

"தெரியலடா."

எனக்கு வெட்கம். நடந்துவிட்டேன்.

தியேட்டர் காலியாகும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்த அம்மா, "கூட்டத்துல என்னைப் பாக்கலையாப்பா?" என்றாள்.

"இல்லம்மா."

பிறகு அவள் சினிமாவுக்கே வரவில்லை.

இன்று அந்த வளைவின் கீழே நின்றேன். "யாருக்குப் பெரியவரே காத்துக்கினு இருக்கீங்க? தள்ளிப் போங்க" என்றார் இடிக்க வந்தவர்.