ஏழு பாட்டன்களைக் கேட்ட புருல்கன் அக்கா

இது முழுக்க உண்மைக் கதை. சரி சரி, முக்கால்வாசி உண்மை. மீதியை நான்தான் கொஞ்சம் ஊதினேன்.

கிர்கிஸ்தானில் எங்க நாரின் ஊர்ச் சந்தையில் குதிரைப்பால் விற்கும் புருல்கன் அக்கா தும்மினால் மலைக்கு அந்தப் பக்கம் ஆடுகள் சிதறும். பெண்குதிரை ஒன்று வாங்க ஐந்து வருஷம் சேர்த்த பணம் முழுதும் அவள் கைபேசிக் கணக்கில் இருந்தது. போன வாரம் ஒருவன் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டாள், சந்தையே கேட்டது.

"அக்கா, பேங்குலேருந்து மிர்லான் பேசறேன். எவனோ உங்க பணத்தை எடுக்கறான். இப்ப மெசேஜ்ல வந்த நம்பரைச் சொல்லுங்க, தடுத்துடறேன்."

நம்பரைப் படிக்க வாயைத் திறந்த அக்கா நிறுத்தினாள்.

"நீ எந்த ஊருப்பா?"

"தலாஸ் ஊருக்கா. நானும் கிர்கிஸ்காரன்தான்."

"அப்ப உன் ஏழு பாட்டன் பேரைச் சொல்லு. நம்பரை நான் சொல்றேன்."

எங்க கிர்கிஸ் ஜனத்தில் பால்குடி மறக்காத பிள்ளையும் ஏழு தலைமுறைப் பாட்டன் பேரை ஒப்பிக்கும். அவனோ தாத்தா பேரிலேயே திக்கினான்.

"நேரமில்லக்கா, பணம் போயிடும்!"

"உன் பாட்டனைத் தெரியல, என் பணத்தை மட்டும் தெரியுதாடா, களவாணி!"

அவள் போட்ட சத்தத்தில் அவன் காது இன்னும் அடைத்திருக்கும். எங்க ஊர்க் காசில் ஒரு சோம்கூடப் போகவில்லை. சனிக்கிழமை சந்தை நடுவே புதுக் குதிரையில் ராணி மாதிரி வந்தாள்.

தேநீர்க்கடையில் நான் இந்தக் கதையைச் சொல்லி முடிக்கும் முன் தொப்பிக்கடை தொக்தோசுன் எழுந்தான். "சொல்லாதேன்னு அக்காவுக்குக் கண்ணைக் காட்டினதே நான்தான்!"

"நீயா?" என்று கசாப்புக்கடை ஜூமாபெக் பாய்ந்தான். "நீதான் 'சீக்கிரம் சொல்லுக்கா'ன்னு கத்தினே!"

"யாருடா கத்தினது?"

தேநீர்க் கிண்ணம் ஒன்று பறந்தது.