ஆயுத பூஜைக்கு ஓட விட்ட சர்வர்

1. ஆயுத பூஜைக்கு முந்தின மாலை, கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பிலிருந்த அக்கா சர்வரை முறைப்படி நிறுத்திவிட்டு, அப்பாவைப் பார்க்க லீவில் போனார்.
2. பூஜையன்று ஃபோர்மேன் அதை மறுபடி ஓட விட்டார்.
3. கற்பூரம் காட்டி முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்தார்.
4. விஜயதசமி காலையில் சர்வர் எழவில்லை.
5. அக்காவை அழைத்து வர வேன் போத்தனூருக்குப் போனது.

கணபதிப் பகுதியில் பம்ப்செட் செய்யும் பட்டறை அது. நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் சர்வர் ஓடிய இயங்குதளத்தில் சில கோளாறுகள் இருப்பது விற்றவர்களுக்கே தெரியும். அடுத்த பதிப்பில் சரியாகும் என்பார்கள். அதுவரை சமாளிக்கும் வழிகளையும் சொல்லியிருந்தார்கள். சட்டென்று மின்சாரம் போனால் வட்டில் உள்ள கோப்புகள் சிதறும். சரிபார்க்கும் நிரல், சிதறிய ஒவ்வொரு கோப்பைப் பற்றியும் கேள்வி கேட்கும். எல்லாவற்றுக்கும் தானாகவே 'ஆம்' சொல்ல விட்டால், பெரிய கோப்புகளை அழித்துவிடும். அதனால் ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். டேப்பில் எடுத்த நகலும் பாதிக்கு மேல் திரும்பி வராது. அதுவும் தெரிந்த கோளாறுதான்.

வேனிலிருந்து இறங்கிய அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. அவருடைய அப்பா போத்தனூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் மோசமான நிலையில் இருந்தார்.

"ஏனுங்க, நான்தான் நிறுத்திட்டுப் போனேனே, எதுக்குங்க போட்டீங்க?" என்றார் ஃபோர்மேனிடம்.

"லேத்தெல்லாம் சந்தனம் வெச்சு சும்மா ஜொலிக்குதுங்க அம்மணி. இது மட்டும் இருண்டு கெடந்தா சாமிக்கு என்னத்தங்க காட்டறது? வெளிச்சம் வரட்டும்னு போட்டேன். அப்புறம் லேத்த அணைக்கற மாதிரி அணைச்சுபோட்டேன்."

"உங்க லேத்து திருப்பிக் கேள்வி கேக்காதுங்க. இது கேக்கும்."

ஃபோர்மேன் சிரித்தார். அக்காவும் லேசாகச் சிரித்தார்.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "ஆர்டர் பூரா இதுக்குள்ளதான் கெடக்குது. நீயே பாரு அம்மணி. இந்தப் புள்ள புதுசு." இந்தப் புள்ள என்றது என்னை.

அக்கா உட்கார்ந்தார். முதலில் வந்த கேள்விகள் கடினமானவை. கைப்புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னார். மதியத்துக்கு முன் போன் வந்தது. அவருடைய அம்மா. பக்கத்தில் நின்ற எனக்கே அந்தக் குரல் கேட்டது. "அப்பா உன்னையத்தான் கேக்கறாரு கண்ணு."

"இதா, முடிச்சுபோட்டு வாரேனுங்கம்மா."

சாப்பாட்டு மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. திரையில் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. இரண்டாவது முறை போன் அடித்தபோது நான் எடுத்தேன். அவருடைய தம்பி. "அப்பா தவறிட்டாருங்க. அக்காகிட்ட சொல்லிருங்க," என்றார். போனை வைத்துவிட்டார்.

நான் திரும்பியபோதே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இங்க வா கண்ணு. இனி வர்றதெல்லாம் பேரில்லாமப் போன கோப்புங்க. ஆம்னு போட்டா நம்பர் போட்டு ஒரு பக்கமா வெச்சிரும். அழிக்கட்டுமான்னு கேட்டா மட்டும் இல்லைன்னு போடு. அவ்வளவுதான்."

சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முகம் கழுவாமலே வேனில் ஏறினார்.

மீதியை நான் முடித்தேன். பெயரில்லாமல் போன கோப்புகளைத் திறந்து பார்த்து, எது எந்த ஊர் ஆர்டர் என்று கண்டுபிடித்துப் பெயர் வைத்தேன். ஒன்றும் தொலையவில்லை. முதலாளி எல்லோருக்கும் டீ வரவழைத்தார்.

அடுத்த பதிப்பு வந்துவிட்டது. மின்சாரம் போனால் கோப்பு சிதறும் கோளாறு அதிலும் இருக்கிறது. ஆள் உடனிருக்க வேண்டும் என்றே கைப்புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். முதலாளி இரண்டு முறை ஆள் அனுப்பியும் அக்கா வேலைக்குத் திரும்பவில்லை. அவருடைய நாற்காலியில் இப்போது நான் உட்காருகிறேன். அந்தப் பதில்களைச் சொல்லத் தெரிந்தவர்கள் பட்டறையில் வேறு யாரும் இல்லை.