வெள்ளைக்கார வக்கீலுக்கு விழுந்த திட்டு

போன மாதம் கல்வராயன்மலையில் ஒரு வெள்ளைக்கார வக்கீல் வகையாகத் திட்டு வாங்கினார். திட்டியவர் மரவள்ளி பயிரிடும் சடையம்மா. அதை இங்கிலீஷில் மாற்றிச் சொன்ன பாவி... நான்தான்!

வக்கீல் பேர் மார்ட்டின். அவருடைய லண்டன் அமைப்பு ஏழைகளுக்கு இலவசமாகக் கேஸ் நடத்தித் தருகிறது. கோர்ட்டில் வாதாடுவது அந்த அமைப்பு அமர்த்திய கள்ளக்குறிச்சி வக்கீல்கள். 'சேவை எப்படி? தொடரலாமா, முடித்துக்கொள்ளலாமா?' என்று விசாரிக்கத்தான் மலையேறினார்.

சடையம்மாவின் மரவள்ளிக் கொல்லையை, கச்சிராயபாளையத்து ஆசாமி ஒருவர் தன்னுடையது என்று கேஸ் போட்டிருக்கிறார். தோற்றால் பிழைப்பே போச்சு.

"கேஸை எப்படிம்மா பாக்கறாங்க?" என்று மார்ட்டினுக்காகக் கேட்டேன்.

"அதுக்கின்னாங்க... ரொம்ப நல்லா பாத்துக்கினு இருக்காங்க."

மார்ட்டினுக்கு வாயெல்லாம் பல். போன வீட்டில் எல்லாம் இதே பதில்தான். "எல்லோருக்கும் திருப்தி. இங்கே நம் வேலை முடிந்தது!" என்றார்.

எனக்குப் பகீரென்றது. கேஸ் பாதியில் நிற்கிறதே ஐயா!

"ஏம்மா, நெசமாவே நல்லாத்தான் பாக்கறாங்களா?"

"இன்னாங்க நீங்க... வூடு தேடி வந்தவங்ககிட்ட யாராச்சும் கொறை சொல்லுவாங்களா?"

அப்படிப் போடு! இந்த மரியாதையை நம்பித்தான் லண்டனில் கைதட்டப் போகிறார்கள்.

மார்ட்டினிடம் விஷயத்தை உடைத்தேன். "நான் விருந்தாளி இல்லை என்று ஆக என்ன செய்யணும்?" என்றார். சடையம்மா சிரித்துக்கொண்டே கிழங்குக் கூடையையும் கத்தியையும் அவர் பக்கம் தள்ளினார்.

"வூட்டு வேலை செய்யட்டும். அப்பறம் வூட்டு ஆளு."

மார்ட்டின் தோல் சீவ ஆரம்பித்தார். சடையம்மாவும் ஆரம்பித்தார்!

"வாய்தாவுக்கு வாய்தா புது வக்கீல அனுப்பறீங்களே, இன்னா நெனச்சிக்கினு இருக்கீங்க? ஒவ்வொருத்தருக்கும் மொதல்லேர்ந்து கதை சொல்லணும். சொல்லி முடிக்கறதுக்குள்ள வாய்தா தள்ளிப் பூடுது. ஓசின்னா எப்பிடி வேணா செய்யலாமா? எங் கொல்லை போச்சின்னா நீங்களா சோறு போடுவீங்க?"

நான் கொஞ்சம் சர்க்கரை தடவி மொழிபெயர்த்தேன். மார்ட்டின் நிமிர்ந்து பார்த்தார். "அவங்க குரலும் உங்க இங்கிலீஷும் ஒத்துப்போகலையே?"

மாட்டிக்கொண்டேன். வேறு வழி? அப்படியே சொன்னேன். மனுஷனுக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் கோபப்படவில்லை. கேஸ் முடிகிறவரை ஒரே வக்கீல்தான் என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார்.

நேற்று வாய்தா. வக்கீலுக்குக் கதை முழுக்கத் தெரிந்திருந்தது. தீர்ப்பு வரும்வரை கொல்லையில் யாரும் கை வைக்கக்கூடாது என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். கோர்ட் வாசலில் சடையம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இலவச உதவி செய்யும் புண்ணியவான்களே... எல்லோரும் நன்றி மட்டுமே சொல்கிறார்களா? கொஞ்சம் பயப்படுங்கள்!