இத்தாலிக்காரரைப் போகச் சொன்னது

அன்று காலை காபிக் கிடங்கின் முன்னால் இருந்தவர்கள் நாலே பேர்: தோட்டத்துத் துரை, இத்தாலிக்காரர், அவருக்குச் சமைத்துப்போடும், மலையிலேயே பைல் நாடு என்ற பக்கத்து அம்மாள், கணக்கு எழுதும் நான்.

இத்தாலிக்காரர் சண்டையில் பிடிபட்ட கைதி. தோட்டத்தில் மரம் அறுக்க விட்டிருந்தார்கள். மாதம் ஒருமுறை மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி, போலீசாரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறி வருவார். இப்போது சண்டை முடிந்து, அவரை ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. காரவள்ளியில் மத்தியானம் வரை லாரி நிற்கும். அப்புறம் ரயில், கப்பல். அவர் குளிக்கப் போயிருந்தபோதே அவர் பெட்டியை ஓர் ஆள் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

“டெல் ஹிம் டு கோ” என்றார் துரை என்னிடம்.

நான் இரண்டாம் பாரத்தோடு பள்ளியை விட்டவன். மரத்தையும் தண்ணீரையும் காட்டிக் காட்டி இத்தாலிக்காரரிடம் கற்ற அவர் பாஷைச் சொற்கள் இருபது இருக்கும். போவதற்கு ‘அந்தாரே’ இருந்தது. கப்பலுக்குச் சொல் இல்லை. “அந்தாரே” என்று மலையடிவாரத்தைக் காட்டினேன்.

“ஏனுங்க, என்ன சொன்னீங்க?” என்றார் அம்மாள்.

“போகச் சொன்னேங்க.”

“அட சாமி! கடல் தாண்டிப் போறவர வெறுமனே போன்னா சொல்லுவாங்க? நல்ல வாயிங்க உங்களுக்கு!”

 வழியில் கால் வழுக்கினால்? கப்பலுக்கு ஏதாவது ஆனால்? என் வாயால் ஆனதாகிவிடுமே! திரும்புவதற்கு இத்தாலிக்காரர் சொல்லித்தந்த ‘தொர்னாரே’யையும் சேர்த்தேன். “அந்தாரே, தொர்னாரே.” போயிட்டு வாங்க. அவர் தலையாட்டிவிட்டு இறங்கினார்.

பொழுது சாயும் நேரம் திரும்பி வந்து நின்றார். கையில், அம்மாளுக்கு வழக்கமாக வாங்கிவரும் உப்புப் பொட்டலம். பெட்டி தூக்கிய ஆள் பின்னாலேயே ஓடி வந்தான்.

“கையப் புடிச்சு இழுத்தேனுங்க. மாசா மாசம் போடற மாதிரி கையெழுத்தப் போட்டுட்டு, தொர்னாரே தொர்னாரேன்னு மலையேறிட்டாரு. பெட்டியோட லாரி போயிருச்சுங்க!”

துரை என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தப் பாஷையும் வேண்டியிருக்கவில்லை. நான் மண்ணில் குச்சியால் கப்பல் வரைந்தேன். அதில் ஓர் ஆளை வரைந்து இத்தாலிக்காரரைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். “தெரியாமச் சொல்லிட்டேனுங்க” என்று தமிழில்தான் என்னால் சொல்ல முடிந்தது.

மறுநாள் விடிந்ததும் துரை சேந்தமங்கலத்திலிருந்து வாடகைக் கார் வரவழைத்து அவரைச் சேலத்துக்கு அனுப்பினார். கப்பல் கிடைத்ததா என்று எங்களுக்குக் கடைசிவரை தகவல் இல்லை. கார் வாடகை பதினெட்டு ரூபாய் என் பேரில் ஏறியது. மாதம் இரண்டாகப் பிடித்தார்கள். நான் தோட்டத்தை விட்டபோது பாக்கி ஆறு ரூபாய்.