மருதமுத்துவுக்குப் படைத்த வெள்ளை மீ

ருக்மணியின் சமையலை மருதமுத்து ஒரு நாளாவது மெச்சியதாகக் காஜா பெராங்கில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். திட்டியதை வேண்டுமானால் தெருவே சொல்லும். முனிசிபாலிட்டியில் ரோடு போடும் ஆட்களுக்கு அவன் மண்டோர். பகலெல்லாம் ஆட்களை விரட்டிய வாய் வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? குழம்பை நாக்கில் வைத்ததுமே ஆரம்பித்துவிடும். "மாட்டுக்கு வைக்கிற கழனித்தண்ணிய எனக்கு ஏன்டி ஊத்துற?" என்பான். பிள்ளை இல்லாத வீடு. கூட இருந்தது அவனுடைய அக்கா அன்னம்மா ஒருத்திதான். புருஷன் செத்தபின் தம்பி வீட்டோடு வந்து தங்கிவிட்ட அந்த மகராசி, தம்பி திட்டத் திட்ட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

இதில் கொடுமை என்னவென்றால், ருக்மணிக்குப் பிழைப்பே சமையல்தான். கிளேபாங் கடற்கரையில் ஒரு ரப்பர் கம்பெனி துரையின் பங்களாவில் அவள்தான் குசினிக்காரி. துரை வெள்ளைக்காரர், மெம் இத்தாலிக்காரி. சண்டை முடிந்த கையோடு அங்கேயே கட்டிக்கொண்டு வந்தாராம். மெம்முக்குத் தன் ஊர் ஞாபகம் வந்துவிட்டால் ஒரே ஒரு சாப்பாடுதான் கேட்பாள். மாவில் முட்டை உடைத்து ஊற்றிப் பிசைந்து, மெலிசாகத் தேய்த்து, நாடா நாடாவாக வெட்டி வேகவைத்து, அதன் தலையில் வெண்ணெயும் பாலாடையும் சீஸும் கொட்டிப் புரட்ட வேண்டும். முதல் தடவை மெம் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தாள். அப்புறம் எல்லாம் ருக்மணி கைதான். மெம் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவாள்.

மிஞ்சியதை ஒரு நாள் தூக்குச்சட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மருதமுத்து ஒரு வாய் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"அடேங்கப்பா! என்னடி இது?"

"மெம் வீட்டுதுங்க..." என்று இழுத்தாள் ருக்மணி. நான்தான் செய்தேன் என்பது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"அதானே பார்த்தேன்! உன் கை பட்டிருந்தா இந்த ருசி வருமா? வெள்ளைக்காரி கைடி இது. அந்தக் கைக்குத் தங்கக் காப்புப் போடணும்."

வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டாள். சொன்னால் வாயிலிருப்பதையும் துப்பிவிடுவான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை, அதுவும் இன்னொருத்தி பேரில் வந்திருக்கிறது. அதையும் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. சீனன் கடையில் விற்கிற மீ நூடுல்ஸ் மாதிரி நாடா நாடாவாக இருந்ததால், அவன் அதற்கு வெள்ளை மீ என்று பேர் வைத்தான். வாரம் தவறினால் கேட்பான்.

சுதந்திரம் வருகிறது, வருகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம். ஜாலான் பெண்டஹாராவில் தார் ஊற்றும் ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தவன், பாதி வசவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். டாக்டர் ருக்மணியைத் தனியாகக் கூப்பிட்டார். "வெண்ணெய், நெய், பாலாடை, தேங்காப்பாலு எதுவும் ஆகாதும்மா. உடம்பு இளைக்கணும். இன்னொரு தடவை வந்துச்சுன்னா ஆள் மிஞ்ச மாட்டாரு" என்றார்.

வீட்டுக்கு வந்த மனுஷன் ரசம் சோற்றைத் தள்ளினான், இட்லியைத் தள்ளினான். "வெள்ளை மீ கொண்டா. செத்தா அதத் தின்னுட்டுச் சாவறேன்" என்று அடம் பிடித்தான். பட்டினியாகக் கிடந்தால் அதுவும் ஆபத்து. இப்படிப்பட்டவன் பிழைத்து என்ன ஆகப்போகிறது என்று நமக்குத் தோன்றலாம். ருக்மணிக்குத் தோன்றவில்லை. அவன் பிழைக்க வேண்டும், டாக்டர் 'இனி பயமில்லை' என்று சொல்ல வேண்டும், அன்றைக்கு அவன் எதிரில் நின்று 'இத்தனை நாளும் நீங்க புகழ்ந்தது என் கையைத்தான்' என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே, அவன் கண்ணயர்ந்து அன்னம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அவள் அடுப்பை மூட்டினாள்.

வங்காளிப் பால்காரரிடம் வாங்கிய பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஆடையை எடுத்தாள். மறுபடி காய்ச்சி மறுபடி எடுத்தாள். ஆடை நீங்கிய பாலில் தயிர் தோய்த்துத் துணியில் கட்டித் தொங்கவிட, சொட்டச் சொட்ட நீர் வடிந்து வெள்ளையாக ஒரு உருண்டை மிஞ்சியது. சீஸுக்குப் பதில் அது. வெள்ளைப்பூசணியைக் குழைய வேகவைத்துச் சல்லடையில் தேய்த்தாள். பாலாடைக்குப் பதில் அது. சுட்ட பூண்டு, மிளகு, ஒரு சிட்டிகை ஜாதிக்காய். மாவில் முட்டையின் வெள்ளையை மட்டும் விட்டாள். முதல் தடவை தயிர் அடுப்பிலேயே திரிந்து பாழாகிப் போனது. அடுத்த தடவை சட்டியை இறக்கிவைத்துக் கலந்தாள். எல்லாவற்றையும் மெம் வீட்டுத் தூக்குச்சட்டியில் போட்டு மூடி, கொல்லை வழியாக வெளியே போய், வேலையிலிருந்து வருகிறவள் மாதிரி முன்வாசலில் ஏறினாள்.

"ஆகா, இன்னிக்கு மெம் நல்லாப் பண்ணியிருக்கா!" என்றான் மருதமுத்து. அன்னம்மாவும் ஒரு கிண்ணம் தின்றுவிட்டு விரலைச் சூப்பினாள்.

அப்படியே நாள் ஓடியது. தொப்பை வற்றியது. படியேறினால் வாங்கிய மூச்சு வாங்கவில்லை. டாக்டர் முதுகில் தட்டி, "ஆளே மாறிட்டீங்க மண்டோரே. அடுத்த மாசம் பார்த்துட்டு வேலைக்கு அனுப்பிடறேன்" என்றார். ருக்மணிக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தச் சந்தோஷம் அன்னம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கோயிலுக்குப் போனவள் ஒரு நாள் சீக்கிரமே திரும்பிவிட்டாள். அடுக்களையில் பூசணிக்காயைத் தேய்த்துக்கொண்டிருந்த ருக்மணியை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வந்த வழியே நழுவினாள். தம்பி சாப்பிட உட்கார்ந்து ரெண்டு வாய் உள்ளே போகட்டும் என்று காத்திருந்துதான் வாயைத் திறந்தாள், பாவி!

"தம்பி, மெம் செஞ்சதுன்னு நீ தின்னுக்கிட்டிருக்கியே, அது உன் பொண்டாட்டி கரைச்ச பூசணிக்காக் கஞ்சிப்பா. என் கண்ணால பார்த்தேன்."

"என்னங்க, உங்க நெஞ்சுக்காகத்தான்..." என்று ருக்மணி பதறினாள். "மெம் வீட்டுலயும் நான்தாங்க ஆக்குறேன். முதல்லேருந்து நான்தான்."

இவ்வளவு நாள் சேர்த்துவைத்திருந்த வாக்கியம் இப்படியா வெளியே வர வேண்டும்? மருதமுத்து வாயிலிருந்ததைத் துப்பினான். தட்டைச் சுவரில் விட்டெறிந்தான். "திருட்டு நாயே! கழனித்தண்ணிக்கு வெள்ளைக்காரி பேரா? அப்பவே நாக்குல ஒட்டாமதான் இருந்துச்சு" என்றான். சற்று முன் சப்புக்கொட்டிய அதே நாக்கு.

சுதந்திரம் வந்த மெர்டேக்கா அன்று ரேடியோவில் ஆரவாரம். எதிர்வீட்டில் கொடி ஏற்றியிருந்தார்கள். "நாட்டுக்கே சுதந்திரம் வந்துருச்சு. நான் மட்டும் இவ கஞ்சிக்கு அடிமையா?" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான் மருதமுத்து. எல்லோரும் சிரித்தார்கள். ருக்மணி அவர்களுக்குக் காப்பி கொடுத்தாள்.

கொஞ்ச நாளில் துரையும் மெம்மும் கப்பலேறினார்கள். மெம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, மிச்சமிருந்த டின் வெண்ணெயையும் சீஸையும் அவள் கையில் திணித்தாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். வேறு வீட்டில் குசினி வேலை கேட்டு அவள் பத்து பெரெண்டாம் என்கிற ஊர்ப் பக்கம் அலைந்துகொண்டிருந்த நாட்களில், அன்னம்மா கடை மீயை வேகவைத்து, அந்த வெண்ணெயை உருக்கி ஊற்றி, சீஸைத் துருவிப் போட்டுத் தம்பிக்கு ஊட்டினாள். தெரிந்து ருக்மணி ஓடிவந்து பார்த்தபோது டின்னெல்லாம் காலி.

"இதுதான்டி சாப்பாடு" என்றான் மருதமுத்து, உதடெல்லாம் எண்ணெய் மினுங்க.

அந்த வாரமே போய்விட்டான். முகம் கழுவக் குனிந்தவன் நிமிரவில்லை.

சாவு வீட்டில் அன்னம்மா மாரில் அடித்துக்கொண்டாள். "பட்டினி போட்டே கொன்னுட்டாளே என் தம்பிய! கஞ்சி ஊத்தியே கொன்னுட்டாளே!" வந்த சனம் ருக்மணியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. அதையும் ஒரு குற்றமாகப் பேசினார்கள்.

எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கிப் படைக்கிற துக்கச் சடங்கு. "கோழி வறுவல், பீர், சுருட்டு எல்லாம் வையி. வெள்ளை மீ முக்கியம். மெம் செஞ்ச மாதிரியே இருக்கணும். வெண்ணெய நிறையப் போடு. இப்பவாச்சும் அவன் வயிறு நிறையட்டும்" என்று எல்லோர் காதிலும் விழும்படி உத்தரவு போட்டாள் அன்னம்மா.

"சரிங்க அண்ணி" என்றாள் ருக்மணி.

படத்துக்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறிச் சூடம் காட்டினார்கள். செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது வழக்கம். கடைசியாக வெளியேறிய ருக்மணி ஒரு கணம் நின்றாள். மாலைக்குள்ளிருந்து மருதமுத்து முறைத்துக்கொண்டிருந்தான். இலையில் வெள்ளை மீ ஆவி பறந்தது.

"இப்பத் தள்ளிவிடுங்க, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பிறகு சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். அன்னம்மா முதல் வாய் வைத்ததும் கண் கலங்கினாள். "இதுதான்! அந்த வெள்ளைக்காரி கைப்பக்குவம் இதுதான்! வெண்ணெய் எப்படி மணக்குது பாருங்க. என் தம்பி உசிரோட இருந்தப்போ இதக் கண்ணுல காட்டினியாடி?"

ருக்மணி குனிந்து அவள் இலையில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

"இதுல ஒரு சொட்டு வெண்ணெய் கிடையாது அண்ணி. பூசணிக்காயும் ஆடை எடுத்த பாலும்தான். நீங்க காட்டிக் குடுத்தீங்களே, உங்க தம்பி செவுத்துல அடிச்சாரே, அதே கஞ்சி. இதத் தின்ன வரைக்கும் அவரு நடமாடிக்கிட்டு இருந்தாரு. வெண்ணெய் டின்ன காலி பண்ணி யாரு ஊட்டுனாங்கன்னு நீங்களே சொல்லுங்க."

எல்லாத் தலையும் அன்னம்மா பக்கம் திரும்பியது. உருட்டிய கவளம் அவள் கையிலேயே இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காருங்க. படையல எலையில மிச்சம் வைக்கக்கூடாது" என்று அவள் தோளை அழுத்தினாள் ருக்மணி.

அன்னம்மா சாப்பிட்டாள். கண்ணீர் சொட்டச் சொட்டச் சாப்பிட்டாள். ஒருவரும் போதும் என்று சொல்லவில்லை. இலை காலியாகும் வரைக்கும் ருக்மணி பக்கத்திலேயே நின்றாள். காலியானதும் இன்னொரு கரண்டி வைத்தாள்.