நாற்காலியின் பின்னால் வந்தவர்கள்

அந்தக் கலை மன்றத்தில் நாடகம் எழுத ஆள் உண்டு, நடிக்க ஆள் உண்டு, முகத்தில் சாயம் பூச ஆள் உண்டு. வசனம் மறந்தவர்களுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கவும் ஒரு அத்தை உண்டு. நாற்காலி மட்டும் கிடையாது. அதனால் நாற்காலியண்ணன் இருந்தார்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் அவர் அங்கே நடிக்கத்தான் வந்தார். காவலாளி வேடம். "அரசே" என்று ஒரே ஒரு வசனம். மேடையேறி எதிரே இருந்த தலைகளைப் பார்த்ததும், அந்த ஒற்றைச் சொல் தொண்டையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கையைக் காலை என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தில் இருந்த சிம்மாசனத்தைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். பின்னால் வந்த அரசன் பழக்க தோஷத்தில் உட்காரப் போய்த் தரையில் விழுந்தான். அன்றைக்குக் கிடைத்த கைதட்டல் அந்த அரங்குக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

"தூக்கறது உங்களுக்கு நல்லா வருது. அதையே பண்ணுங்க," என்றார் செயலாளர். கணக்கு டீச்சராக இருந்தவர். எல்லாரும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவார்கள்.

அன்று பிடித்த வேலை. நாடகத்தன்று மதியம் தள்ளுவண்டியோடு சுற்றுவட்டாரத் தெருக்களில் இறங்குவார். வீட்டுக்கு ஒன்றாக நாற்காலி இரவல் கேட்பார். மூங்கில் நாற்காலி, மடக்கு நாற்காலி, கை ஒடிந்த சாய்வு நாற்காலி, எல்லாம் வரும். சலூன்காரர் தன் சுழல் நாற்காலியையே கழற்றிக் கொடுப்பார். நாடகம் இழுத்தால் அதில் உட்கார்ந்தபடியே முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். நடிகர்கள் பயந்த ஒரே விமர்சகர் அவர்தான்.

நாளடைவில் நாற்காலியண்ணன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு நாற்காலி அரங்குக்குப் போனால் அதன் பின்னாலேயே அந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்துவிடுவார். நாடகம் பார்க்க அல்ல. தன் நாற்காலியில் எவன் உட்காருகிறான் என்று பார்க்க. வந்தவர் சும்மா நிற்பாரா, தானே உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தபின் எதிரே நடப்பதைப் பார்க்காமல் வேறு எங்கே பார்ப்பது? பத்தொன்பது வருடமாக அரங்கு நிறைந்த ரகசியம் இவ்வளவுதான்.

அதை அவர் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார். டீச்சரிடம் சொல்ல மனம் வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அவர், "நம் மக்கள் கலைக்காக வருகிறார்கள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தக் கண்ணாடியில் கல்லெறிய யாருக்கு மனம் வரும்?

இரண்டு மாதத்துக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத நல்ல மனிதர் ஒருவர் மன்றத்துக்கு நூறு புது நாற்காலி வாங்கிக் கொடுத்தார். எல்லாம் ஒரே வெள்ளை. பற்பசை விளம்பரத்துப் பற்கள் மாதிரி வரிசையாக நின்றன. அந்த மாத நாடகத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விட்டதும் நாடகத்தையும் விட்டுவிட்டுப் போனார்கள். டீச்சர் சுவரொட்டியின் நிறத்தைக் குறை சொன்னார். அடுத்த மாதம் நிறத்தை மாற்றினார்கள். ஏழு பேர் வந்தார்கள்.

இந்த மாதம் நகராட்சி அதிகாரி வருகிறார். அரங்கு நகராட்சியின் சொத்து. பாதிக்கு மேல் இருக்கைகள் காலியாக இருந்தால், பழைய கோப்புகளை அடுக்கி வைக்க அதை எடுத்துக்கொள்வதாகக் கடிதம் வந்திருந்தது. அரங்கு போனால் நாற்காலியண்ணனுக்கும் போக்கிடம் இல்லை. நாற்பத்தொன்பது வயதில், "எனக்கு நாற்காலி தூக்கத் தெரியும்" என்று எங்கே போய் வேலை கேட்பது?

நாடகத்தன்று காலையில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். புது நாற்காலி எதற்கும் உதவாது என்று டீச்சரை நம்ப வைக்க வேண்டும். அதற்கு ஒன்றை உடைக்க வேண்டும். உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். ஏறி நின்று குதித்தார். நான்காவது குதியில் முழங்கால் பிசகியதுதான் மிச்சம்.

நாடக உடைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி வேடிக்கை பார்த்தாள். "நீங்க உட்கார்ந்தா நாற்காலிக்கே தெரியாது. நகருங்க."

பொத்தென்று உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு முனகல்கூட விடவில்லை. அவள் சாய்ந்து பார்த்தாள். "நல்லாத்தாங்க இருக்கு. வீட்டுக்கு ஒண்ணு எடுத்துக்கலாமா?"

"உடைக்கச் சொன்னா குடும்பம் நடத்தறியே!"

கடைசியில் மேடைத் தச்சரின் ரம்பத்தை எடுத்து ஒரு காலை அறுத்தார்.

டீச்சர் வந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "எப்படிண்ணே உடைஞ்சது?"

"தானா உடைஞ்சிடுச்சு டீச்சர். மொத்தமுமே கால் சரியில்ல."

"சரியா தொண்ணூறு டிகிரில உடைஞ்சிருக்கே!" என்று வியந்தார் டீச்சர். கணக்கின் அழகில் சந்தேகம் கரைந்துபோயிற்று. நூறையும் ஒப்பனை அறையில் பூட்டச் சொன்னார்.

கணவனும் மனைவியுமாகத் தள்ளுவண்டியோடு தெருவில் இறங்கினார்கள். முதல் வீட்டு அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"புதுசு வந்ததும் எங்க நாற்காலியைக் கண்டுக்கலையே?"

"புதுசுக்குக் கால் நிக்கலைக்கா. பழசுக்கு ஈடாகுமா?"

"ரெண்டு மாசமா சும்மா கெடக்கு. அதுல துணிதான் காயப் போடறேன்." சொல்லிக்கொண்டே துணியை அள்ளிவிட்டு நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தாள், பெண்ணை அனுப்பி வைக்கிற தாயைப் போல.

பல் டாக்டர், "முன் வரிசைன்னாத்தான் தருவேன்" என்றார். "முன் வரிசையே தந்தாச்சு" என்றார் அண்ணன். இதே வாக்கைப் பதினோரு வீட்டில் கொடுத்ததால், சாயங்காலம் முன்வரிசை பிறை மாதிரி வளைந்து மேடைமேலேயே ஏறப் பார்த்தது.

ஐந்து மணிக்கு அரங்கில் எள் போட இடமில்லை. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அதிகாரி கையில் கோப்போடு வாசலில் வந்து நின்றார். உட்கார நாற்காலி இல்லை. ஒவ்வொன்றிலும் அதன் சொந்தக்காரர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நாற்காலியண்ணன் தன் வீட்டு நாற்காலியைத் தேடி ஓடினார். அதில் மனைவி இருந்தாள்.

"எந்திரி. அதிகாரி நிக்கறாரு."

"நிக்கட்டும். இத்தனை வருஷம் பொத்தான் தைச்சுட்டே சத்தம் மட்டும் கேட்டேன். இன்னிக்குப் பாக்கப் போறேன்."

"என் மானத்தை வாங்காத."

"நாற்காலிதாங்க கேக்கறீங்க. மானம் நின்னுட்டே இருக்கும்."

வேறு வழியில்லை. ஒப்பனை அறையைத் திறந்து ஒரு வெள்ளை நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதிகாரி உட்கார்ந்ததைப் பார்த்ததும் டீச்சர் பதறினார்: "அண்ணே, பிடிங்க! கால் போயிடும்!"

அரங்கமே திரும்பியது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டாமா? நாற்காலியண்ணன் பாய்ந்து தரையில் குந்தி, பின்னங்கால் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டார். நாடகம் இரண்டு மணி நேரம். அதிகாரி சாயும்போதெல்லாம் டீச்சர் பயந்து தன் நெஞ்சில் கைவைக்க, நாற்காலியண்ணனும் நெற்றி நரம்பு புடைக்க மூச்சுப் பிடித்துக் காட்டினார். ஆனால் ஒன்று. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் நாடகத்தை முன்பக்கமிருந்து பார்த்தார், அதிகாரியின் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவிலிருந்த முக்கோணத்தின் வழியாக. அதற்குள் ஒரு அரசி அழுதாள். இவருக்கும் அழுகை வந்தது. கால் மரத்ததாலா, அரசியாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சலூன்காரர் அன்று ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

திரை விழுந்ததும் அதிகாரி எழுதியதைப் படித்துக் காட்டினார். "அரங்கு நிறைந்தது. மன்றமே தொடர்ந்து நடத்தலாம். ஒரே குறை இருக்கை. வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருமளவுக்கு ஆர்வமுள்ள இம்மக்களுக்கு இருநூறு நாற்காலி வழங்கப் பரிந்துரைக்கிறேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றாமலே அழுதார். நாற்காலியண்ணன் எழப் பார்த்து, கால் வராமல் மறுபடி குந்தினார்.

"சார், வேண்டாம் சார்."

"ஏன்?"

டீச்சரின் முகத்தைப் பார்த்தார். உண்மை நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.

"வைக்க இடமில்ல சார். வீட்டுக்கு ஒண்ணா குடுத்துடறேன். நாடகத்தன்னைக்கு மட்டும் வாங்கிக்கறோம்."

"நல்ல யோசனையா இருக்கே," என்று அதையும் எழுதிக்கொண்டார் அதிகாரி.

இருநூறு வருவதற்குள் உள்ளே பூட்டியிருந்ததை வீடு வீடாகக் கொடுத்துத் தீர்ப்போம் என்று மறுநாள் காலை தொண்ணூற்றொன்பது வெள்ளை நாற்காலியை வண்டியில் அடுக்கினார்கள். பாதித் தெரு போனதும் மனைவி நின்றுவிட்டாள்.

"கால் நிக்காதுன்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கீங்களே. யாரு வாங்குவா?"

நாற்காலியண்ணன் மேலேயிருந்து ஒன்றை இறக்கி, நடுத்தெருவில் போட்டார்.

"நீ உட்காரு. எல்லாரும் பாக்கட்டும்."